வாசலில் நிற்கும் டிமீட்டர்: கிரேக்கப் பெண் தெய்வத்தைப் படமாக்குவது எப்படி?

கேள்வியின் சாரம் இது: கிரேக்கப் பெண் தெய்வங்களை வைத்து, பெண்ணின் ஆற்றலைச் சொல்லும் ஓவிய வரிசை ஒன்று செய்ய ஆசை. அறிவுக்கும் போருக்கும் உரிய அத்தீனா, வேட்டைக்குரிய ஆர்ட்டெமிஸ், விளைச்சலுக்குரிய டிமீட்டர் என்று வரைந்து பார்த்தாயிற்று. எல்லோருக்கும் ஒரே அழகு முகம், ஒரே வெள்ளை அங்கி. கையில் இருக்கும் பொருள் மட்டும் மாறுகிறது. எங்கே தவறு? என்ன பொருட்கள் வேண்டும், எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும்?

வரையத் தொடங்கிய இடத்தில்தான் தவறு இருக்கிறது. 'பெண் ஆற்றல்' என்பது பொதுச்சொல். பொதுச்சொல்லை மனதில் வைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தால் கை தனக்குப் பழகிய பொதுமுகத்தையே போடும். அதனால் தாளில் முகம் வருமுன் ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஒரே ஒரு வினைச்சொல் எழுதிக்கொள்ளுங்கள். டிமீட்டர் மறுக்கிறாள். ஆர்ட்டெமிஸ் எல்லை காக்கிறாள். மந்திரத்துக்கும் முச்சந்திக்கும் உரிய ஹெக்கட்டே தீப்பந்தம் ஏந்தி வழி காட்டுகிறாள். டிமீட்டரின் மகள் பெர்செஃபோனி திரும்பி வருகிறாள். அத்தீனா கணக்குப் போட்டுக் காய் நகர்த்துகிறாள். வினை கிடைத்துவிட்டால், கதையில் அது நடக்கும் கணத்தைத் தேடலாம். அந்தக் கணத்தில் உடலின் எடை எந்தக் காலில் இருக்கிறது, கை எதைப் பிடித்திருக்கிறது, துணி எங்கே இழுபடுகிறது என்று பார்த்துவிட்டால் பாதிப் படம் முடிந்த மாதிரிதான்.

வரிசை முழுவதையும் ஒரே மூச்சில் சொல்வதைவிட ஒரு படத்தை முழுதாகச் செய்து காட்டுவதே பயன் தரும். டிமீட்டரை எடுத்துக்கொள்கிறேன். கிரேக்கத் தொன்மங்களில் இவளுடைய ஆற்றல்தான் மிகத் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஓவியர்கள் இவளைக் கதிர்க்கட்டோடு புன்னகைக்கும் அம்மாவாக வரைந்து வீணாக்கிவிடுகிறார்கள்.

ஹோமரின் பெயரால் வழங்கும் டிமீட்டர் துதிப்பாடலில் கதை இப்படிப் போகிறது. மகள் பெர்செஃபோனி நார்சிசஸ் பூவைப் பறிக்கும்போது பூமி பிளந்து கீழுலக அரசன் ஹேடீஸ் அவளைத் தூக்கிப் போகிறான். தெய்வங்களின் அரசன் சியூஸுக்கு இது தெரியும். சம்மதமும் தந்தவன் அவனே. தாய் கருநிற முக்காட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்பது நாள் உண்ணாமல் குளிக்காமல், இரு தீப்பந்தங்களோடு தேடுகிறாள். உண்மை தெரிந்ததும் தெய்வங்களின் சபையை விட்டு விலகி, கிழவி உருவில் எலூசிஸ் ஊருக்கு வந்து கிணற்றடியில் உட்காருகிறாள். அந்த ஊர் அரசி மெட்டனெய்ராவின் குழந்தைக்குச் செவிலியாகப் போகிறாள். பிற்பாடு தன் உருவைக் காட்டி, கோயில் கட்டச் சொல்லி, அதற்குள் அமர்ந்துகொள்கிறாள். ஒரு விதைகூட முளைக்க விடுவதில்லை. மனிதர் பட்டினி கிடந்தால் தெய்வங்களுக்குப் படையலும் கிடையாது. சியூஸ் தூதுமேல் தூது அனுப்பியும் அவள் இறங்கி வருவதில்லை. கடைசியில் அவன்தான் இறங்கி வருகிறான். மகள் திரும்பி வருகிறாள்; ஆனால் கீழே இருந்தபோது மாதுளை விதையைத் தின்றதால் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் அவள் கீழுலகில் இருக்க வேண்டியதாகிறது.

வாளும் இடியும் இல்லாமல், உட்கார்ந்த இடத்திலிருந்து 'மாட்டேன்' என்று சொல்லியே உலகை நிறுத்தியவள் இவள். படத்தில் வர வேண்டியது இந்த மறுப்பு.

இதில் வரையத்தக்க கணங்கள் மூன்று. கிணற்றடியில் உட்கார்ந்திருப்பது ஒன்று. கோயிலுக்குள் தனித்திருப்பது இன்னொன்று. மூன்றாவது, அரண்மனை வாசற்படியில் அவள் கால் வைக்கும் நொடி. கிழவி வேடம்தான், ஆனாலும் வாசலில் நின்றதும் அவள் தலை உத்தரத்தைத் தொடுகிறது, வாசல் முழுக்க ஒளி நிறைகிறது. குழந்தையை மடியில் வைத்திருந்த மெட்டனெய்ரா வெளிறிப்போய், இருக்கையை விட்டு எழுகிறாள். இந்த மூன்றாவது கணத்தை எடுங்கள். ஓவியனுக்குத் தேவையான எல்லாம் இதில் இருக்கிறது: ஒரு சட்டகம், அளவு வேறுபாடு, ஒளி, எதிர்வினை காட்ட இன்னொரு ஆள்.

அளவு வேறுபாடு கிரேக்கக் கலைக்குப் புதிதல்ல. ஏதென்ஸின் பார்த்தெனான் கோயிலின் கிழக்குப் பக்கச் சிற்பப் பட்டையில் தெய்வங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், மனிதர்கள் நின்றிருக்கிறார்கள். இருவர் தலையும் ஒரே உயரத்தில் வருகிறது. தெய்வம் எழுந்தால் என்ன ஆகும் என்ற எண்ணம் பார்ப்பவர் உடம்பிலேயே எழும். எலூசிஸில் கிடைத்த பெரிய புடைப்புச் சிற்பத்திலும் அப்படித்தான்: இடப்பக்கம் செங்கோலுடன் டிமீட்டர், வலப்பக்கம் தீப்பந்தத்துடன் பெர்செஃபோனி, நடுவே அவர்கள் உயரத்துக்கு எட்டாத சிறுவன். கி.மு. 440–430 அளவில் செய்தது, 2.20 மீட்டர் உயரம், இப்போது ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேலையைத் தொடங்குமுன் இதன் படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒளிப்பட உரிமையில் மட்டும் கவனம் வேண்டும். சிற்பத்துக்கு 2,400 வயதானாலும் அதை எடுத்த ஒளிப்படத்துக்கு உரிமை இருக்கலாம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் தன் பொதுவுடைமைப் படங்களைத் தடையின்றித் தருகிறது. மாதிரிகளுக்கு அங்கே தேடுவது நல்லது.

பலகையில் அமைப்பு இப்படி: அகலம் 45, உயரம் 60 செ.மீ. கீழ்விளிம்பிலிருந்து 5 செ.மீ. மேலே வாசற்படிக் கோடு. மேல்விளிம்பிலிருந்து 3 செ.மீ. கீழே உத்தரத்தின் அடிப்பக்கம். இரண்டுக்கும் நடுவே 52 செ.மீ. அது முழுவதும் டிமீட்டர், தலை 6.5 செ.மீ., உடல் எட்டுத் தலை உயரம். மெட்டனெய்ரா நிமிர்ந்து நின்றால் 36 செ.மீ. வர வேண்டும், தலை 4.8 செ.மீ. அவள் பாதி எழுந்த நிலையில் இருப்பதால் கண்கள் கீழ்விளிம்பிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் வரும், இந்த எண்ணை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும். டிமீட்டரை நடுவில் நிறுத்தாதீர்கள். அவள் மூக்கு நுனி வலவிளிம்பிலிருந்து 16 செ.மீ. உள்ளே இருக்கட்டும், மெட்டனெய்ரா இடக்கீழ்ப் பகுதியில். தலைக்கும் உத்தரத்துக்கும் நடுவே இடைவெளியே கூடாது. அரை செ.மீ. விட்டாலும் 'உயரமான பெண்' என்று மட்டும் தோன்றும். முக்காடு உத்தரத்தில் பட்டு லேசாக நசுங்கியிருந்தால்தான் அந்த இடத்துக்குள் அவள் அடங்கவில்லை என்பது தெரியும்.

அடுத்தது துணி. கிரேக்க உருவத்தில் பேச வேண்டியதைப் பேசுவது துணிதான். வெள்ளை அங்கி என்று மனப்பாடமாக வரைந்தால் படம் செத்துப்போகிற இடமும் இதுவே. டிமீட்டருக்குரியது பெப்ளோஸ்: தைக்காத ஒரு செவ்வகக் கம்பளித் துணி, மேல்பகுதியை வெளிப்புறம் மடித்துத் தொங்கவிட்டு, இரு தோளிலும் ஊசி குத்தி, இடுப்பில் கயிறு கட்டுவது. கிட்டோன் வேறு, அது மெல்லிய லினன், கை நெடுகப் பல இடங்களில் பொத்தான் வைத்து இணைத்தது, நுண்ணிய சுருக்கங்கள் நிறைந்தது. இரண்டையும் கலந்தால் கிரேக்கக் கலை தெரிந்தவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

பெப்ளோஸைக் கட்டிப் பார்க்காமல் வரைய வேண்டாம். 225 × 250 செ.மீ. அளவுள்ள இரட்டைக்கட்டில் விரிப்பு ஒன்று போதும். 250 பக்கம் உடலைச் சுற்றி வரட்டும், 225 உயரமாக நிற்கட்டும். 160 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்குத் தோளிலிருந்து தரை சுமார் 133 செ.மீ. மிச்சம் 92. அதில் 60-ஐ மேலே வெளிப்புறம் மடித்துத் தொங்கவிடுங்கள். மீதி 32-ஐ இடுப்புக் கயிற்றுக்கு மேலே இழுத்துவிட்டால் 16 செ.மீ. பை போலத் தொங்கும். தோளில் பெரிய ஊக்கு இரண்டு. துணி கெட்டியாக இருக்க வேண்டும். தடித்த கதர் பொருத்தம். பாலியெஸ்டர் வேண்டாம். அதன் மடிப்பு கூர்மையாக, சின்னதாக உடைந்து, பளபளப்பில் நிழலைத் தின்றுவிடும். ஆள் கிடைக்காவிட்டால் 30 செ.மீ. மரப்பொம்மைக்குப் பருத்தித் துணியைக் கஞ்சியில் நனைத்துப் போர்த்தி, மடிப்பை விரலால் ஒழுங்கு செய்து காயவிடுங்கள். காய்ந்ததும் அசையாது, ஒரு வாரம் வைத்து வரையலாம்.

விளக்கு ஒன்றே ஒன்று, இடப்பக்கம் 45 பாகை மேலே. இரண்டு விளக்கு வைத்தால் மடிப்புக்கு இரட்டை நிழல் விழுந்து குழம்பும்.

இப்போது பாருங்கள். எல்லா மடிப்பும் இரண்டு தோள் ஊசிகளிலிருந்துதான் பிறக்கும். இரு ஊசிகளுக்கும் நடுவே மார்பில் துணி தொங்கி வளைவு வளைவாக இறங்கும். மார்பின் முனையிலிருந்து கீழே நேர்க்குழாய்களாக விழும். எடை தாங்கும் காலின் மேல் மடிப்புகள் தூணின் பள்ளங்கள் போல ஆழமாக, செங்குத்தாக நிற்கும். மடங்கிய காலின் மேல் துணி ஒட்டி, தொடையும் முழங்காலும் தெரியும், மடிப்பு மிகக் குறைவு. ஏதென்ஸ் எரெக்தெயோன் கோயிலில் கூரையைத் தலையில் தாங்கும் ஆறு பெண் தூண்களில் இந்த இலக்கணம் கண்ணாடி போலத் தெரியும். நம் படத்தில் டிமீட்டர் ஒரு காலைப் படிக்கு மேலே வைக்கிறாள். பின்கால் எடை தாங்குகிறது, முன்கால் மடங்கியிருக்கிறது. ஆகவே பின்காலில் ஏழெட்டு ஆழ்மடிப்பு, முன்காலில் இரண்டே நீள் மடிப்பு. எல்லா இடத்திலும் சம அளவில் மடிப்பைத் தெளித்தால் உள்ளே உடல் இருப்பதே தெரியாது.

பலகைக்கு 9 மி.மீ. பிளைவுட், பின்னால் சட்டம் அடித்தது. முன், பின், ஓரம் எல்லாவற்றிலும் அக்ரிலிக் மீடியத்தைச் சிறிது தண்ணீர் கலந்து ஒரு பூச்சு. மரத்திலிருந்து மஞ்சள் கறை வெள்ளைக்குள் ஊறிவராமல் இது தடுக்கும். பிறகு ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைக் கலவை) நான்கு பூச்சு, ஒன்று நெடுக்கில், அடுத்தது குறுக்கில், இடையில் ஒரு மணி நேரமாவது காயவிட்டு. இரண்டாவது பூச்சுக்குப் பின் 220 எண் உப்புத்தாள், கடைசியில் 400. பின்பக்கமும் ஒரு ஜெஸ்ஸோ பூச்சு தேவை. விட்டால் மழைக்காலத்தில் பலகை வில்லாக வளையும். கான்வாஸ் ஏன் கூடாது என்றால், தங்கரேக்கு (மெல்லிய தங்கத்தாள்) ஒட்டப்போகிறோம்; அசையும் துணியில் ரேக்கு விரிசல் விடும்.

ஓவியத்தை முதலில் தாளில் அதே அளவில் முடித்து, 5 செ.மீ. கட்டமாக 9 × 12 பிரித்து, பலகைக்கு மாற்றுங்கள்.

நிறத்தில் பழையவர்கள் சொன்ன ஒரு கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்வோம். கிரேக்கத்தின் பெரிய ஓவியர்கள் வெள்ளை, மஞ்சள் காவி, செங்காவி, கறுப்பு என்று நான்கே நிறத்தில் வேலை செய்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதினார். எல்லோரும் எப்போதும் அப்படிச் செய்யவில்லை. சிலைகளில் நீலம், பச்சை, சிவப்பு எல்லாம் பளிச்சென்று இருந்தன. பளிங்கு வெள்ளைதான் கிரேக்கம் என்பது நிறம் கழுவிப்போன பின் வந்த எண்ணம். கி.மு. 530 அளவிலான பெப்ளோஸ் கன்னிச் சிலையில் இன்றும் நிறத்தடங்கள் இருக்கின்றன. அதனால் டிமீட்டருக்கு வெள்ளை அங்கி போடும் பழக்கத்தை விட்டுவிடலாம். பாடலே அவள் துணியைக் கருநிறம் என்கிறது.

நான்கு நிறத்தோடு நீலம் ஒன்றை மட்டும் சேர்த்து, அதை முக்காட்டுக்கு மட்டும் வையுங்கள். பண்டைய எகிப்திய நீலத்துக்கு நெருக்கமாக அல்ட்ராமரினில் ஒரு துளி தாலோ நீலமும் கொஞ்சம் வெள்ளையும் போதும்; முக்காட்டின் இருண்ட பகுதிக்கு இதில் கறுப்பு. கறுப்பாக ஐவரி பிளாக்கை வாங்குங்கள். மார்ஸ் பிளாக் மிக வலிமையானது, தொட்டதையெல்லாம் விழுங்கும், அதில் வரும் சாம்பல் நிறம் பழுப்புப் பக்கம் சாயும். ஐவரி பிளாக்கும் வெள்ளையும் சேர்ந்தால் காவிகளுக்குப் பக்கத்தில் அந்தச் சாம்பல் நீலமாகவே தெரியும். மஞ்சள் காவியில் அதே கறுப்பைச் சேர்த்தால் ஆலிவ் பச்சை. நான்கு குழாயில் ஏழெட்டு நிறம் இப்படித்தான் பிறக்கிறது.

தோலின் நடுத்தொனிக்கு வெள்ளை 6 பங்கு, மஞ்சள் காவி 2, செங்காவி 1 என்று தொடங்கிப் பாருங்கள். மெட்டனெய்ராவின் பயம் வெளிறிய முகத்துக்குச் செங்காவியைப் பாதியாக்கி, ஆலிவ் கலவையில் ஒரு துளி சேருங்கள். நிழலுக்குச் செங்காவி 2, மஞ்சள் காவி 1, கறுப்பு 1. நிழலில் வெள்ளை கலக்காதீர்கள். சுண்ணாம்பு பூசியது போல மங்கும். அக்ரிலிக் ஈரத்தில் வெளுப்பாக இருந்து காய்ந்ததும் ஒரு படி கருக்கும், அதிலுள்ள பால் போன்ற பிணைப்பான் காயும்போது தெளிவதால். எனவே வேண்டிய தொனிக்கு ஒரு படி வெளுப்பாகக் கலந்து, துண்டுத் தாளில் தடவி, காயவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் வெயிலில் கலவை பத்து நிமிடத்தில் இறுகிவிடும். தட்டில் நனைத்த டிஷ்யூ விரித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு அதில் கலந்தால் நாள் முழுக்கத் தாங்கும்.

வேலை வரிசை: பலகை முழுக்கச் செங்காவியை மெல்லிய தண்ணீர்ப் பூச்சாக இழுத்துக் காயவிடுங்கள். அதன்மேல் கறுப்பும் செங்காவியும் கலந்து நிழல்களை மட்டும் ஒரே தொனியில் நிரப்புங்கள். இந்தக் கட்டத்தில் மூன்று மீட்டர் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். டிமீட்டர் ஒரே பெரிய இருண்ட வடிவமாக வாசலை அடைத்துத் தெரிகிறாளா? தெரியாவிட்டால் மேலே போகாதீர்கள். இங்கே சரிசெய்யப் பத்து நிமிடம், பிறகு சரிசெய்ய இரண்டு நாள். அதன்பின் நடுத்தொனி, பிறகு வெளிச்சம், கடைசியில் நுனித் தூரிகையால் ஓரங்கள். தட்டைத் தூரிகை ஒரு அங்குலம், வளைமுனைத் தூரிகை 8, வட்டம் 4, கோட்டுத் தூரிகை 1 இருந்தால் போதும். மூன்று தொனிக்கு மேல் ஒரு மடிப்பில் வேண்டாம்.

கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் படத்தின் வினைச்சொல் முகத்தில் இருப்பதைவிட அதிகமாக அவள் வலக்கையில் இருக்கிறது. அந்தக் கை நிலைக்காலைப் பற்றியிருக்கட்டும். ஆதரவுக்காகப் பற்றும் கிழவியின் கை என்றால் விரல்கள் மரத்தைச் சுற்றி இறுகும், மணிக்கட்டு மடங்கும், முழங்கை உடலோடு ஒட்டும். இவள் கை அப்படி இல்லை. உள்ளங்கை மரத்தில் தட்டையாகப் பட்டு, நான்கு விரலும் மேல்நோக்கி நீண்டு, கட்டைவிரல் மட்டும் விலகி நிற்கிறது. கதவு மூடவிடாமல் வைத்த கை அது. மூப்பை மறைக்காதீர்கள்: விரல் மூட்டுகள் தடித்து, புறங்கை நரம்பு எழுந்து, நகம் தேய்ந்து, ஒன்பது நாள் தீப்பந்தம் பிடித்த கரி விரலிடுக்கில் படிந்திருக்கட்டும். கையின் நீளம் முகவாயிலிருந்து நெற்றி மேற்பகுதி வரை, இங்கே சுமார் 5 செ.மீ. பலரும் பெண்ணின் கை என்றதும் சிறிதாக்கிவிடுவார்கள்; அந்த நொடியே உருவம் பலம் இழக்கும். அறுபது வயதைத் தாண்டிய ஒருவரின் கையை, அவர் அனுமதியோடு, கதவில் வைக்கச் சொல்லி வரையுங்கள். மாடல் அழகிகளின் ஒளிப்படத்தில் இந்தக் கை கிடைக்காது.

முகத்துக்கு இரண்டே குறிப்பு. புன்னகை வேண்டாம், பழைய கன்னிச் சிலைகளில் இருக்கும் அந்த இதழோரச் சிரிப்பு வேறு காலத்துக்குரியது. அந்த வீட்டில் பணிப்பெண் இயாம்பே கேலி பேசிச் சிரிக்கவைக்கும் வரை டிமீட்டர் சிரிக்கவும் இல்லை, பேசவும் இல்லை. கண் பார்வையாளரைப் பார்க்க வேண்டாம், மெட்டனெய்ராவையும் பார்க்க வேண்டாம். இமை பாதி தாழ்ந்து குழந்தையைப் பார்க்கட்டும். மகளை இழந்தவள் இன்னொருத்தி மடியில் பிள்ளையைப் பார்க்கிறாள். அதற்குமேல் முகத்தில் ஏதும் நடிக்க வேண்டியதில்லை.

வாசலை நிறைத்த ஒளிக்குத் தங்கரேக்கு. தலையைச் சுற்றி வட்டம் போடாதீர்கள். அது கிறிஸ்தவப் புனிதர் படத்தின் மொழியாகிவிடும். டிமீட்டரின் உடலுக்கும் நிலைக்காலுக்கும் நடுவே இருபுறமும் எஞ்சும் ஒடுங்கிய சந்தில் மட்டும் தங்கம். இருபுறமும் 3 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் என்றால் மொத்தம் 240 சதுர செ.மீ. 8 × 8 செ.மீ. ரேக்கு ஒன்று 64. நான்கு வேண்டும், மேற்பொருத்தத்துக்கும் கிழிசலுக்கும் சேர்த்து ஆறு வாங்குங்கள். அடியில் செங்காவி இரண்டு பூச்சு, 400 உப்புத்தாளால் வழவழப்பு. அதன்மேல் தண்ணீரில் கரையும் ரேக்குப் பசையை மெல்லியதாக ஒரே இழுப்பில் பூசுங்கள். பால் நிறம் மாறித் தெளியும்வரை காத்திருங்கள், பெரும்பாலும் 15–30 நிமிடம். விரல் முட்டியால் தொட்டால் ஒட்டி 'டிக்' என்று விடுபட வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டினால் ரேக்கு பசைக்குள் மூழ்கி மங்கும். மின்விசிறியை நிறுத்துங்கள், மூச்சையும் பக்கவாட்டில் விடுங்கள். மெல்லிய தாளை மேலே வைத்துப் பஞ்சால் அழுத்தி, ஒரு மணி நேரம் கழித்து மென்தூரிகையால் துகளைத் துடையுங்கள். சின்னச் சின்னக் கிழிசலில் செங்காவி எட்டிப்பார்த்தால் விட்டுவிடுங்கள், ஒளிக்குச் சூடு வரும். வெறும் பித்தளை ரேக்கு வாங்கினால் விரல்ரேகை பட்ட இடம் சில மாதத்தில் பச்சைபூத்துக் கருக்கும்; ஷெல்லாக் ஒரு பூச்சு கட்டாயம். தோள் ஊசி இரண்டையும் தஞ்சாவூர்ப் பட முறையில் சுண்ணப்பொடியும் கோந்தும் குழைத்துச் சிறு புடைப்பாக்கி, அதன்மேல் ரேக்கு ஒட்டலாம். வேறெங்கும் புடைப்பு வேண்டாம், கண் சிதறும்.

ரேக்கு வேலை முடித்தபின் முகத்தின் வெளிச்சத்தைத் திரும்பப் பாருங்கள். தங்கத்தின் பக்கத்தில் எல்லா வெள்ளையும் அழுக்காகத் தெரியும். அப்போது கன்ன ஓரத்தில் மஞ்சள் காவி கலந்த வெளிச்சக் கோடு ஒன்று, முக்காட்டின் விளிம்பில் ஒன்று. அவ்வளவுதான். இரண்டு வாரம் காயவிட்டு மேட் வார்னிஷ் இரண்டு பூச்சு, தங்கத்தை விலக்கி.

வரிசையின் மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாக. அத்தீனாவை வேலோங்கும் வீராங்கனையாக வரைவது எளிது. ஆனால் ஏதென்ஸின் அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்தில் கி.மு. 460 அளவிலான சின்னப் புடைப்புச் சிற்பம் ஒன்றைப் பாருங்கள்: வெறுங்காலோடு, வேலில் சாய்ந்து, தலை குனிந்து ஒரு கல்லைப் பார்க்கிறாள். ஆயுதம் ஊன்றுகோலாகும் அந்த நொடியில் இருக்கும் கனம் எந்தப் போர்க்கோலத்திலும் இல்லை. அவளை நேர்க்கோட்டுப் பெண்ணியச் சின்னமாக்கும்முன் இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். கி.மு. 458-இல் ஏதென்ஸில் அரங்கேறிய நாடகத்தில், தாயைக் கொன்றவனுக்குச் சாதகமாக வாக்களித்தவள் இவள். தன்னைப் பெற்ற தாய் யாரும் இல்லை என்பது அவள் சொன்ன காரணம். அந்த நகரத்துப் பெண்களுக்கோ வாக்குரிமையே கிடையாது. இந்த முரணை மறைக்காமல் வரைந்தால் படம் ஆழமாகும்.

ஆர்ட்டெமிஸுக்கு முழங்கால் அளவு குட்டைக் கிட்டோன், வேட்டைக் காலணி, அம்பறாத்தூணி. நெற்றிப் பிறை பிற்காலச் சேர்க்கை, நிலாத்தெய்வம் செலீனியிடமிருந்து வந்தது. ஹெக்கட்டேயை மூவுடலாக முதலில் செய்தவர் சிற்பி அல்கமெனீஸ் என்று பயணி பவுசானியாஸ் எழுதியிருக்கிறார். மூன்று முதுகும் ஒரு தூணில் ஒட்ட, மூன்று திசை பார்க்கும்படி அமையுங்கள். சிறகு வெற்றித் தெய்வம் நைக்கிக்கும் வானவில் தெய்வம் ஐரிஸுக்கும் விடியல் தெய்வம் ஈயோஸுக்கும் உரியது, எல்லோருக்கும் ஒட்டாதீர்கள்.

பாம்புக்கூந்தல் மெடூசாவில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். அநீதி இழைக்கப்பட்டு, அதற்காகத் தானே தண்டிக்கப்பட்ட அழகி என்ற வடிவம் ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்னது. அதை எடுத்து வரையலாம். 2008-இல் லூசியானோ கர்பாத்தி செய்த சிலை, கதையில் தன்னைக் கொன்ற வீரன் பெர்சியஸின் தலையைக் கையில் ஏந்திய மெடூசா, அந்த வழியில் வந்தது. 2020-இல் நியூயார்க்கில் நீதிமன்றத்துக்கு எதிரே அதை நிறுத்தினார்கள். பழைய கிரேக்க மெடூசா வேறு. கோர்ஃபு தீவின் ஆர்ட்டெமிஸ் கோயில் முகப்பில், கி.மு. 580 அளவில், முழு முகத்தையும் நம் பக்கம் திருப்பி, நாக்கு நீட்டி, முழங்கால் மடக்கி ஓடுகிறாள். இடுப்புக் கச்சையாக முடிச்சிட்ட இரு பாம்புகள். கோயிலைக் காக்கும் முகம் அது. இரண்டையும் ஒரே உருவத்தில் கலந்தால் பயமும் வராது, பரிவும் வராது. ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

தெய்வங்களோடு நிறுத்தாமல் வரிசையில் ஒரு படத்தை ஓவியப் பெண்களுக்கு ஒதுக்கினால் நன்றாக இருக்கும். பிளினி சிலரின் பெயரைப் பதிந்திருக்கிறார்: எபேசஸில் ஆர்ட்டெமிஸைத் தீட்டிய திமரெத்தே, எலூசிஸில் ஒரு பெண்ணின் உருவத்தை வரைந்த எய்ரெனே, கண்ணாடி பார்த்துத் தன்னையே வரைந்த சிசிகஸ் ஊர் இயாயா. இயாயாவின் படங்களுக்கு அக்காலத்துப் பெயர்பெற்ற உருவ ஓவியர்களைவிட அதிக விலை கிடைத்ததாம். கி.மு. 460 அளவிலான ஒரு ஏதென்ஸ் தண்ணீர்க்குடத்தில் பட்டறைக் காட்சி ஒன்று இருக்கிறது. மூன்று ஆண்கள் கலங்களுக்கு அணி செய்துகொண்டிருக்க, அத்தீனாவும் நைக்கிகளும் வந்து அவர்களுக்கு மாலை சூட்டுகிறார்கள். வலது ஓரத்தில் உயர்ந்த இருக்கையில் ஒரு பெண்ணும் பெரிய கலத்தின் கைப்பிடியில் தூரிகையை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு மாலை கொண்டுவர யாரும் இல்லை. அத்தீனா திரும்பி அவளிடம் வரும் அடுத்த நொடியை வரையுங்கள். அந்தப் படத்தை இன்னும் யாராவது செய்தாக வேண்டும்.

டிமீட்டரை மாட்டும் உயரமும் வேலையின் ஒரு பகுதியே. மெட்டனெய்ராவின் கண் கீழ்விளிம்பிலிருந்து 30 செ.மீ. என்றோம். பார்ப்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 150 செ.மீ. ஆகவே பலகையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 120 செ.மீ.-இல் இருக்கும்படி ஆணி அடியுங்கள். பார்ப்பவர் கண் மெட்டனெய்ராவின் கண்ணோடு ஒரே மட்டத்தில் வரும்; டிமீட்டரின் முகத்தைப் பார்க்க அவர் தலையைச் சற்று நிமிர்த்த வேண்டியிருக்கும்.